முதல் கேள்வியை என் தம்பியிடம் கேளுங்கள்

மனநல மருத்துவர்களுக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் தம்பிக்கு வயது 43. அறிவுசார் குறைபாடு உடையவன். அவன் பேசும் சொற்கள் மொத்தமாக ஒரு நூறு இருக்கும். அவற்றில் பாதி வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே விளங்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அப்பா இறந்தார். அதைத் தம்பியிடம் நாங்கள் சொல்லவில்லை. "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்றோம். சொன்னாலும் அவனுக்குப் புரியாது என்று நினைத்தோம். புரிந்தால் தாங்கமாட்டான் என்றும் நினைத்தோம். இந்த இரண்டு நினைப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதுகூட அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய தூக்கம் போயிற்று. நள்ளிரவில் எழுந்து வாசற்கதவருகே போய் நிற்பான். தட்டை வைத்தால் தள்ளிவிடுவான். குளிக்க அழைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வான். அதுவரை யார்மீதும் கை ஓங்கியிராதவன், ஒருநாள் அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பயந்துபோய் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பது இந்த மடலுக்கு வேண்டாம். அவர் கெட்டவர் அல்லர்; வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியை இரண்டு முறை ஏறிட்டுப் பார்த்தார். கேள்விகள் எல்லாம் என்னிடம். எத்தனை நாளாக இப்படி? இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? உங்களை அடிக்கிறாரா? எட்டு நிமிடத்தில் மருந்துச்சீட்டு கைக்கு வந்தது. நாங்கள் எழுந்தபோது, "இவர்களுக்கு இப்படித்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

'இவர்கள்' என்றால் யார் என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் இப்படி இல்லாமல் இருந்தவனுக்கு, திடீரென்று ஏன் 'இப்படித்தான்' ஆயிற்று? குறைபாடு அவனுடன் பிறந்தது. தூக்கம் போனது அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து. பிறவியிலேயே இருந்த ஒன்று எப்படி முப்பத்தைந்து வயதில் தொடங்கிய ஒன்றுக்குக் காரணமாகும்? என் தம்பியின் இடத்தில் நானோ என் கணவரோ உட்கார்ந்திருந்தால், உங்கள் முதல் கேள்வி "அண்மையில் வீட்டில் ஏதேனும் இழப்பு உண்டா?" என்பதாக இருந்திருக்கும். அவனுக்காக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்குத் துக்கம் இருக்கும் என்பது என் மனத்திலேயே இல்லை.

இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களில் பலருக்கு இது பாடமாகவே வந்திருக்கும். 1982ஆம் ஆண்டு ஸ்டீவன் ரெய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் அச்சத்தால் அவதிப்படும் ஒருவரைப் பற்றிய ஒரே விவரக்குறிப்பை உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த குறிப்பில் அந்த மனிதருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்று இருந்தது; மற்றவர்களுக்குக் கொடுத்ததில் இல்லை. அச்சம் அதே அச்சம்தான். ஆனால் குறைபாடு உண்டு என்று படித்தவர்கள் அந்த அச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறைபாடு என்னும் பெரிய மரத்தின் நிழலில் மனநோய் என்னும் செடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நிழல் விழுகிறது என்று கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விளக்கை எடுத்து அந்தப் பக்கம் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் மொழியும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று ஒரு காலம் எழுதினார்கள். 'மனநலம் குன்றியவர்' என்று இன்னொரு இடத்தில், அதே மனிதர்களைப் பற்றி. 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று செய்தித்தாளில் போட்டால், அது இல்லாத குரல்கள் காதில் கேட்கும் மனச்சிதைவு நோய் கொண்டவரா, என் தம்பியைப் போன்றவரா என்பது படிப்பவருக்குத் தெரியாது. மூன்றிலும் 'மனம்' இருக்கிறது. மூன்றிலும் அது எப்போதோ கெட்டுப்போன பொருளாகவே இருக்கிறது. பிறப்பிலேயே மனம் குன்றியவர் என்று ஒருவரை அழைத்துவிட்டால், அந்த மனத்துக்குப் பிறகு ஒரு நோய் வரலாம், அது குணமாகலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. அறிவுசார் குறைபாடு என்பது கற்பதிலும், விளங்கிக்கொள்வதிலும், அன்றாட வேலைகளைச் செய்வதிலும் உள்ள வாழ்நாள் தடை. அது நோய் அல்ல. அந்தத் தடையோடு வாழும் மனிதருக்கு மனச்சோர்வும், பதற்றமும், மனச்சிதைவும் எல்லாரையும் போல் வரும். சொல்லப்போனால் இன்னும் அதிகமாகவே வரும்.

எவ்வளவு அதிகம்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் அறிவுசார் குறைபாடு உடைய 1,023 பெரியவர்களை ஆராய்ந்து சாலி-ஆன் கூப்பர் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு இது: மருத்துவர்கள் நேரில் ஆராய்ந்து சொன்னபடி பார்த்தால், நடத்தைச் சிக்கல்களையும் சேர்த்து, 40.9 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த எண் அல்ல, அதற்குப் பக்கத்தில் இருந்த எண். அதே மனிதர்களை, பொதுவாக எல்லாருக்கும் பயன்படுத்தும் அமெரிக்க நோயறிதல் கையேட்டின் அளவுகோலால் அளந்தபோது 15.7 விழுக்காட்டினர் மட்டுமே அதற்குள் வந்தார்கள். கையேடு கேட்கும் கேள்விகள் சொற்களால் ஆனவை. வெறுமையாக உணர்கிறீர்களா, குற்ற உணர்வு இருக்கிறதா, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இழந்துவிட்டீர்களா என்று கேட்டால், 'எதிர்காலம்' என்ற சொல்லே இல்லாதவன் என்ன பதில் சொல்வான்? அவன் வாசற்கதவருகே போய் நிற்பான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இதை உணர்ந்து, இவர்களுக்கென்றே தகவமைத்த நோயறிதல் வழிகாட்டிகளும் வந்துவிட்டன. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் கல்லூரி 2001இல் ஒன்றை வெளியிட்டது. எளிய சொற்களில் கேட்கும் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று கிளாஸ்கோவின் பெயரிலேயே இருக்கிறது. பராமரிப்பவர் நிரப்புவதற்கென்று அதில் தனிப்படிவமும் உண்டு. கருவிகள் இல்லாமல் இல்லை. அவை உங்கள் மேசைக்கு வரவில்லை.

அடுத்தது, கேட்கும் முறை. நீங்கள் தம்பியிடமும் கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவனிடம் "சந்தோஷமாக இருக்கிறாயா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பான். "வருத்தமாக இருக்கிறாயா?" என்றாலும் "ஆமாம்" என்பான். இது பொய் அல்ல, அறியாமையும் அல்ல. வாழ்நாள் முழுவதும் பெரியவர்கள் கேட்பதற்கெல்லாம் தலையாட்டினால்தான் அன்பு கிடைக்கும் என்று பழக்கப்பட்டவன் அவன். இப்படி 'ஆமாம்' சொல்லும் போக்கை 1981லேயே கரோல் சிகல்மன் குழுவினர் ஆய்வில் காட்டிவிட்டார்கள். ஆகவே ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை விடுங்கள். இரண்டு முகப் படங்களை வைத்து இது உன் முகமா, அது உன் முகமா என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள். "எப்போதிலிருந்து?" என்று கேட்காதீர்கள், காலம் அவனுக்கு எண்ணாக இருப்பதில்லை. "அப்பா இருந்தபோதா, அப்புறமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கடினம் என்று எனக்குத் தெரியும். அவனுக்குள் ஒரு கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வர அரை நிமிடம்கூட ஆகும். அந்த அரை நிமிட மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல் நான்தான் குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னைக் கையமர்த்துங்கள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

எங்களைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் போன வருடம் எப்படி இருந்தான், இப்போது எதை விட்டுவிட்டான் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பிடித்த பாட்டு வந்தால் கை தட்டுபவன் இப்போது தட்டுவதில்லை என்பது ஒரு நோய்க்குறி. அதை எங்களிடமிருந்து கேட்டு வாங்குங்கள். ஆனால் அவன் முன்னாலேயே அவனைப் பற்றிப் படர்க்கையில் பேசாதீர்கள்.

எந்த மருந்தையும் எழுதுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாயின் மகள் மூன்று மாதம் தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தாள். அடம், ஆவேசம், நடத்தைக் கோளாறு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். கடைசியில் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு நடத்தைதான் வாய். காதில் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த்தொற்று, மாதவிடாய் வலி எல்லாம் 'ஆவேசம்' என்ற பெயரில் உங்கள் அறைக்குள் வரும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் தைராய்டு சுரப்புக் குறைவு மற்றவர்களைவிட மிக அதிகம். அது மந்தமாக, சோர்வாக, ஆர்வமின்மையாக, அப்படியே மனச்சோர்வின் வேடத்தில் வந்து நிற்கும். அவர்களுக்கு நாற்பது வயதைக் கடக்கும்போதே அல்சைமர் என்னும் மறதிநோயின் அறிகுறிகளும் தொடங்கலாம். ஏனெனில் அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அவர்களிடம் அந்தக் குரோமோசோம் மூன்று இருக்கிறது. இதனால் ஒரு தவறு இரு பக்கமும் நடக்கிறது: மறதிநோயை மனச்சோர்வு என்கிறார்கள், குணமாகக்கூடிய மனச்சோர்வை மறதிநோய் என்று எழுதிக் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டாவது எனக்கு அதிக வேதனை தருகிறது.

இனி மருந்தைப் பற்றி. என் தம்பிக்கு அன்று எழுதிக் கொடுத்தது மனச்சிதைவுக்குத் தரும் மருந்து. அவனுக்கு மனச்சிதைவு இல்லை. முதல் வாரம் தூங்கினான். நாங்கள் நிம்மதி அடைந்தோம். மூன்றாம் வாரம் உட்கார முடியாமல் தவித்தான். எழுந்து நடப்பான், உட்காருவான், மீண்டும் எழுவான். கால்கள் நிற்கவே இல்லை. ஆவேசம் கூடிவிட்டது என்று போய்ச் சொன்னோம். அளவைக் கூட்டினார்கள். அந்தத் தவிப்பு அந்த வகை மருந்துகளே தரக்கூடிய பக்கவிளைவு என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "என் கால்கள் பரபரக்கின்றன, உள்ளுக்குள் ஏதோ பிடுங்குகிறது" என்று சொல்லத் தெரிந்த நோயாளியாக இருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். அவனால் சொல்ல முடியவில்லை. நாங்கள் தப்பாகச் சொன்னோம். ஓராண்டில் அவன் எடை பதினெட்டு கிலோ கூடியது. பகலெல்லாம் சரிந்து கிடந்தான். வீடு அமைதியாகிவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

2008இல் பீட்டர் டைரரும் குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அறிவுசார் குறைபாடும் ஆவேச நடத்தையும் உடைய 86 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹேலோபெரிடால், ஒரு குழுவுக்கு ரிஸ்பெரிடோன் (இரண்டும் மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகள்), மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று குழுவிலும் ஆவேசம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில். இந்தப் பத்தியை நான் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் 2015இல் அரசின் பொதுச் சுகாதார அமைப்பு கணக்கிட்டபோது, அந்த மருந்துகளுக்குரிய நோய் எதுவும் இல்லாமலேயே 30,000 முதல் 35,000 பேர்வரை அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்கள் அன்றாடம் மனநோய் மருந்துகளை விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அதைக் குறைப்பதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள்.

மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சிதைவோ, மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயோ, கடும் மனச்சோர்வோ இருந்தால் மருந்து வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைப்பது போலவே இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். நான் கேட்பது எளியது. எந்த நோய்க்கு இந்த மருந்து என்று சீட்டில் எழுதுங்கள். எப்போது நிறுத்துவது என்று பார்ப்பதற்கு ஒரு தேதியைக் குறியுங்கள். நாங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து என்பதையும், குறைப்பதை நீங்கள்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். என் தம்பியின் மருந்துச்சீட்டு மூன்று ஆண்டுகள் 'அதையே தொடரவும்' என்ற இரண்டு சொற்களில் ஓடியது.

அதை நிறுத்தியவர் வேறொரு மருத்துவர். வேறொரு காரணத்துக்காகப் போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்தோம். நான் பேசத் தொடங்கியதும், "ஒரு நிமிடம் அம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இரவில் எழுந்து எங்கே போகிறீர்கள்?" என்று அவனைக் கேட்டார். என் தம்பியை ஒருவர் 'நீங்கள்' என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவன் தரையைப் பார்த்தான். அவர் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நெடுநேரம் கழித்துத் தம்பி சொன்னான்: "அப்பா. கதவு."

மூன்று ஆண்டுகளாக அவன் அப்பா ஊரிலிருந்து திரும்பி வருவதற்காகக் கதவருகே காத்திருந்திருக்கிறான். நாங்கள் சொன்னதை நம்பியிருக்கிறான்.

இறப்பைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது என்று அந்த மருத்துவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 'சாமியிடம் போய்விட்டார்', 'தூங்கிவிட்டார்' என்று சொல்ல வேண்டாம், அவன் தூங்கப் பயப்படுவான் என்றார். "அப்பாவின் உடம்பு நின்றுவிட்டது. இனி எழமாட்டார், வரமாட்டார். நீ எதுவும் தப்புச் செய்யவில்லை" என்று குறைந்த சொற்களில், திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிரிட்டனைச் சேர்ந்த ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய, எழுத்தே இல்லாத படப் புத்தகங்களைப் பற்றி அவரிடமிருந்துதான் அறிந்தேன். அப்பாவின் மரணத்தைப் படங்களாலேயே சொல்லும் ஒன்றும் அவற்றில் உண்டு. நாங்கள் அதைப் பின்பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் செய்தோம். அப்பாவும் அவனும் நடக்கும் படம், அப்பா படுக்கையில் இருக்கும் படம், நாங்கள் எல்லாரும் அழும் படம், காலி நாற்காலியின் படம். காலி நாற்காலிப் பக்கத்தில் அவன் விரலை வைத்தான். அழுதான். அப்பா போய் மூன்று ஆண்டுக்குப் பிறகு அவனுக்கு அழ அனுமதி கிடைத்தது.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஒரு மாதம் அவன் இன்னும் மோசமானான். அதையும் அவர் முன்பே சொல்லியிருந்தார். அதன்பின் மெல்லத் தூங்கத் தொடங்கினான். மருந்தை எட்டு மாதத்தில் குறைத்து நிறுத்தினார். இப்போதும் சில நாள்களில் கதவருகே போய் நிற்பான். நாங்களும் பக்கத்தில் போய் நிற்போம்.

இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு சிகிச்சை பயன்படாது என்ற எண்ணம் உங்கள் துறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆலோசகர்கள் பலர் எங்கள் தொலைபேசி அழைப்பை அந்த ஒரு வாக்கியத்தோடு முடித்திருக்கிறார்கள். ஆனால் 2017இல் லான்செட் குழுமத்தின் மனநல இதழில் ஆண்ட்ரூ ஜஹோடா குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. மனச்சோர்வும் அறிவுசார் குறைபாடும் உள்ள 161 பேரில் ஒரு பகுதியினருக்கு, விட்டுப்போன செயல்களை மீண்டும் தொடங்க உதவும் சிகிச்சை. மற்றவர்களுக்கு எளிய கையேடுகளோடு வழிகாட்டல். இரண்டிலும் அவர்களுக்கு நெருக்கமான ஒருவர் உடன் இருந்தார். இரண்டில் எது மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரு குழுவிலும் மனச்சோர்வு குறைந்தது. மனச்சோர்வுக்கு உதவி தேடி வரும் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் முன் இதை நினைத்துப் பாருங்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும், படம் வேண்டும், சந்திப்புகள் குறுகியதாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். திடீரென்று ஒரு பெண் உடை மாற்ற மறுக்கிறாள், ஒருவரைக் கண்டால் சுருங்குகிறாள், படுக்கையை நனைக்கிறாள் என்றால், அது நடத்தைச் சிக்கல் அல்லாமல் ஒரு முறையீடாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 2012இல் லான்செட்டில் வெளியான மறுஆய்வு, அறிவுசார் அல்லது மனநலக் குறைபாடு உடைய குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 4.6 மடங்கு என்று சொன்னது. பராமரிப்பவரை வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் தனியாக, நம்பகமான இன்னொருவர் துணையோடு, அவளிடம் பேசுங்கள். நான் அண்ணியாக, அக்காவாக, அம்மாவாக இருந்தாலும் என்னை வெளியே அனுப்புங்கள்.

எங்களையும் கொஞ்சம் பாருங்கள். "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்வியோடு தூங்கி அதே கேள்வியோடு எழுகிறவர்கள் நாங்கள். அதை அவன் காது கேட்க எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. தான் ஒரு சுமை என்பதை அவன் எந்தச் சொல்லில் புரிந்துகொண்டிருப்பான்? அவனுடைய பதற்றத்தில் எங்கள் பதற்றம் எவ்வளவு? ஒரு தாயிடம் "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று கேட்பதும் மகனுக்கான சிகிச்சையில் சேரும். தனிமையும் அப்படித்தான். சிறப்புப் பள்ளி முடிந்த பிறகு பலருக்கு நண்பர் என்று சொல்ல ஒருவர்கூட இருப்பதில்லை. போக ஓர் இடம், செய்ய ஒரு வேலை, தன் பெயரைச் சொல்லி அழைக்க வீட்டாருக்கு வெளியே ஒரு குரல், இவை இல்லாமல் எந்த மாத்திரையும் எடுபடாது. இதை நீங்கள் தர முடியாது. ஆனால் மருந்துச்சீட்டில் எழுதலாம். நீங்கள் எழுதினால் குடும்பம் கேட்கும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. மற்றவர்களுக்குத் தரும் அதே தரத்தில் இவர்களுக்கும் மருத்துவம் தர வேண்டும், அதுவும் அவர்களின் விருப்பமும் அறிவும் கலந்த ஒப்புதலோடு தர வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புதல் என்றால் என் கையெழுத்து அல்ல. "இந்த மாத்திரை தூக்கம் வரச் செய்யும், பசியைக் கூட்டும், வேண்டுமா?" என்று அவனிடம் ஒரு முறையாவது கேட்பது.

மருத்துவக் கல்லூரிகளில் பாடம் வகுப்பவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அறிவுசார் குறைபாட்டைப் பற்றி ஒரு மணி நேர விரிவுரை வைப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் குறைபாட்டோடு வாழும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். நோயாளியாகக் காட்டுவதற்கு அல்ல, ஆசிரியராக. மருத்துவரிடம் போவது எப்படி இருக்கும் என்று அவர் சொல்லட்டும், மாணவர்கள் கேட்கட்டும். காத்திருக்க அங்கேதான் கற்க முடியும்.

அடுத்த மாதம் வழக்கமான பரிசோதனைக்குத் தம்பியோடு வருகிறேன். அந்த நல்ல மருத்துவர் இடம் மாறிவிட்டார். உங்களில் யார் எங்களைப் பார்ப்பீர்கள் என்று தெரியாது. தம்பி கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் வைத்திருப்பான். அவனாகவே அதை மேசைமேல் வைப்பான். நான் பேச வாயெடுப்பேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமல், நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது யார் படம்?" என்று அவனைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா